மேனுவல் ஆஸ்டியோபதி பயிற்சி: இருக்கும் வேலையை விடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

தசை, மூட்டு வலிகளுக்குக் கையால் அழுத்தியும் அசைத்தும் சிகிச்சை செய்யும் முறையே ஆஸ்டியோபதி. அதைக் கற்பிக்கும் பள்ளிகளின் விளக்கக் கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பள்ளி ஐந்து ஆண்டு என்கிறது, இன்னொன்று ஒன்றரை ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறது. இரண்டு சான்றிதழ்களிலும் பெயருக்குப் பின்னால் போடும் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டணத்தையும் பாடப்பட்டியலையும் வைத்து ஒப்பிடத் தொடங்கினால் கடைசி வரை தெளிவு வராது. முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியது இது: படிப்பு முடிந்தபின் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், எந்தப் பெயரில், யாருடைய அனுமதியோடு ஒரு நோயாளியின் உடம்பில் கை வைக்கப் போகிறேன்? இதற்கு உறுதியான பதில் கிடைத்ததுமே பாதிப் பள்ளிகள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

சட்டம் முதலில், பள்ளி பிறகு

ஆஸ்டியோபதியை 1874இல் அறிவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். பிற்பாடு இந்தத் துறை இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. அமெரிக்காவில் அது முழு மருத்துவப் படிப்பாக வளர்ந்துவிட்டது. அங்கே டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர், வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. படித்தவரைப் போலவே உரிமம் பெற்ற மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். மற்றப் பல நாடுகளில் அது கையால் சிகிச்சை செய்யும் தனித் தொழிலாக நிலைத்தது. மேனுவல் ஆஸ்டியோபதி என்று விளம்பரங்களில் வருவது இந்த இரண்டாவது கிளை. இதில் பட்டயம் வாங்கியவர் அதை வைத்து அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவர் ஆக முடியாது. அங்கே நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரியும் அதற்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். சில பள்ளிகள் தங்கள் டிப்ளமோவுக்கும் டி.ஓ. என்றே பெயர் வைத்திருக்கின்றன. அந்த இரண்டு எழுத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலின் பதிவேட்டில் இல்லாதவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். அந்த நாட்டில் தொழில் செய்ய நினைப்பவர் கவுன்சில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான் நேர்வழி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே போல அரசுச் சட்டத்தின் கீழ் பதிவு உண்டு. ஆஸ்திரேலியாவில் இது பல்கலைக்கழகப் படிப்பு. பிரான்ஸ் 2002இல் பட்டப்பெயரைச் சட்டப்படி ஏற்றது. 2014இல் அங்கே வந்த விதிகள் ஐந்து ஆண்டு, 4,860 மணி நேரம், அதில் 1,500 மணி நேரம் கிளினிக் பயிற்சி என்று அளவு வகுத்தன.

கனடாவில் நிலைமை வேறு. மேனுவல் ஆஸ்டியோபதி என்ற பெயர் அதிகம் புழங்குவதும் அங்கேதான். ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தத் தொழிலுக்கென்று அரசு ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. ஆனால் ஆஸ்டியோபாத் என்ற பட்டப்பெயரை மருத்துவர்களுக்கு மட்டும் அங்குள்ள மருத்துவச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் மற்றவர்கள் ஆஸ்டியோபதிக் மேனுவல் பிராக்டிஷனர் போன்ற நீண்ட பெயர்களில் வேலை செய்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: முதுகெலும்பின் மூட்டை அதன் வழக்கமான அசைவெல்லைக்கு அப்பால் சட்டென்று தள்ளுவது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதற்கு அனுமதி பெற்ற தொழில்களின் உறுப்பினர்தான் அதைச் செய்யலாம். அந்த முறையைப் பல மாதம் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்தாலும், படித்த கையை அங்கே பயன்படுத்த முடியாது.

ஒழுங்குமுறை இல்லாத இடத்தில் எல்லாம் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே கதவைத் திறப்பதும் மூடுவதும் காப்பீட்டு நிறுவனங்கள். நோயாளி கொடுக்கும் ரசீதுக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனம் பணம் திருப்பித் தருமா என்பது, நீங்கள் எந்தத் தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதைப் பொறுத்தது. ஆகவே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் பகுதியில் அதிகம் பேர் வைத்திருக்கும் மூன்று நான்கு காப்பீட்டு நிறுவனங்களிடம், எந்தச் சங்கங்களின் உறுப்பினர்களை ஏற்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சங்கங்களிடம், எந்தப் பள்ளிகளின் மாணவர்களைச் சேர்க்கிறீர்கள், எத்தனை மணி நேரப் பயிற்சி கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். அதன் பிறகுதான் பள்ளிக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். பதிவு கட்டாயமான நாடு என்றால் காப்பீட்டுக்கு முன் ஒழுங்குமுறை அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: "இந்தப் பள்ளியின் இந்தப் படிப்பை முடித்தவர் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியுமா?" வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். சேர்க்கை அலுவலர் வாய்மொழியாகச் சொல்வது எதுவும் இதற்கு ஈடாகாது.

அங்கீகாரம் என்ற சொல்லைப் பார்த்தால் உடனே கேட்க வேண்டியது: அங்கீகரித்தது யார்? அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பா, பல்கலைக்கழகமா, தனியார் சங்கமா? பள்ளியை நடத்துகிறவர்களே சங்கத்தையும் நடத்துவதுண்டு. சங்கத்தின் முகவரியையும் நிர்வாகிகள் பெயரையும் பள்ளியின் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உலகளாவிய கூட்டமைப்பில் உறுப்பினர் என்பதும் தொழில் உரிமம் ஆகாது.

மணிக்கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஆஸ்டியோபதிப் பயிற்சிக்கான அளவுகோலை வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாமல் வருபவருக்கு 4,200 மணி நேரம். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. ஏற்கெனவே சுகாதாரத் துறையில் பயிற்சி பெற்றவர்களுக்குச் சுருக்கமான இன்னொரு வழி உண்டு; அது 1,000 மணி நேரத்தை ஒட்டியது, முன்பு படித்ததைப் பொறுத்துக் கூடும். இது சட்டம் இல்லை. ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல்.

வேலையை மாற்றிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பகுதிநேரப் படிப்பைத்தான் தேடுவார்கள். அங்கே கட்டாயம் ஒரு கணக்குப் போட வேண்டும். மாதம் ஒரு வார இறுதி, இரண்டு நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 16 மணி. ஆண்டுக்குப் பத்து மாதம் வகுப்பு நடந்தால் 160 மணி. நான்கு ஆண்டுக்கு 640. ஆண்டுக்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு நாள் என்று நடக்கும் படிப்பு ஆண்டுக்கு 192 மணி தரும். ஐந்து ஆண்டில் 960. அந்தப் பள்ளியின் கையேட்டில் 4,200 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், மிச்சம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மணி எங்கிருந்து வந்தது? வீட்டில் படிக்கும் நேரம், காணொளி பார்க்கும் நேரம், ஆய்வேடு எழுதும் நேரம், முன்பு படித்த மசாஜ் அல்லது பிசியோதெரபி படிப்புக்குக் கழித்துக் கொடுத்த நேரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வரும். அதில் நேர்மைக் குறைவு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: ஆசிரியர் எதிரில் நிற்கும் வகுப்பு எத்தனை மணி, நேரலை இணைய வகுப்பு எத்தனை, தனிப்படிப்பு எத்தனை, கிளினிக் எத்தனை? பிரித்துச் சொல்ல மறுக்கும் பள்ளியை அதோடு விட்டுவிடலாம்.

மருத்துவத் துறையில் இல்லாதவர்களுக்கும் சுருக்கமான வழியைத் திறந்துவிடும் பள்ளிகள் உண்டு. கணக்காளராகவோ கணினித் துறையிலோ இருந்தவர் 1,000 மணி நேரப் படிப்பில் சேர்ந்தால், அந்தப் படிப்பு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்ளும் உடற்கூறும் நோயியலும் அவரிடம் இருக்காது. பாடத்தில் தேர்ச்சி பெறலாம்; மேசையில் படுத்திருக்கும் நோயாளியின் முதுகுவலி எப்போது முதுகுவலி மட்டும் இல்லை என்று கண்டுபிடிக்கும் திறமை வராது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கிளினிக்

இரண்டு பள்ளிகளுக்கு இடையே முடிவு செய்ய முடியவில்லை என்றால், மாணவர் கிளினிக் எதில் நன்றாக நடக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். கையில் வரும் வித்தைக்கு ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

முதல் கேள்வி: நோயாளிகளை யார் கொண்டுவருகிறார்கள்? பள்ளிக்கே பொதுமக்கள் வந்துபோகும் கிளினிக் இருந்தால் வலி, வயது, நோய் வரலாறு என்று எல்லா விதமானவர்களையும் பார்ப்பீர்கள். மாணவரே நோயாளியைக் கூட்டி வர வேண்டும் என்றால் நண்பர்களும் உறவினர்களும்தான் வருவார்கள். பெரும்பாலும் உடல்நலமுள்ளவர்கள், வலி சொன்னாலும் லேசான வலி, சரியாகிவிட்டது என்று உங்கள் மனத்துக்காகச் சொல்பவர்கள். இப்படி ஆயிரம் மணி நேரம் சேர்த்தாலும் பழக்கம் ஒருபக்கமாகவே இருக்கும்.

இரண்டாவது, புதிய நோயாளிகளின் எண்ணிக்கை. பிரிட்டனில் ஆயிரம் மணி நேரத்தோடு, மாணவர் குறைந்தது 50 புதிய நோயாளிகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பிரான்சின் விதி 150 முழுமையான ஆலோசனைகளைக் கேட்கிறது. முதல் சந்திப்பில்தான் வரலாறு கேட்பதும் பரிசோதிப்பதும் முடிவெடுப்பதும் நடக்கிறது. ஒரே நபருக்குப் பத்து முறை சிகிச்சை செய்தால் அந்தப் பத்தில் ஒன்றுதான் புதியது.

மூன்றாவது, மேற்பார்வை. மேற்பார்வையாளர் அறைக்குள் வந்து நோயாளியைத் தொட்டுப் பார்த்து உங்கள் கண்டுபிடிப்பை ஒப்பிடுகிறாரா, அல்லது நாள் முடிவில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா? ஒரே நேரத்தில் எத்தனை அறைகளை அவர் பார்த்துக்கொள்கிறார்? பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தையும் கிளினிக் நேரமாக எண்ணுகிறார்களா? ஆரம்ப ஆண்டில் கொஞ்சம் பார்வையிடல் தேவைதான். பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தால் அது கிளினிக் பயிற்சி ஆகாது.

இங்கேயும் கணக்கு உதவும். வாரத்துக்கு ஒரு நாள், 8 மணி நேரம் கிளினிக் என்றால் ஆயிரம் மணி நேரத்துக்கு 125 வாரம், விடுமுறைகள் போக ஏறக்குறைய மூன்று ஆண்டு. வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும் என்றால் வாரநாளில் ஒரு நாள் விடுப்பு வேண்டும், அல்லது கிளினிக் சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். வகுப்பு வார இறுதியில்தான் என்று சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் கிளினிக் வாரநாளில் என்று தெரிந்து திண்டாடுபவர்கள் நிறைய. சேரும் முன்பே கடைசி இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன சொல்லித் தருகிறார்கள்

மென்திசுச் சிகிச்சை, மூட்டை மெதுவாக அசைத்தல், நோயாளி தசையை இறுக்க அதற்கு எதிராகத் தாங்கிப் பிடிக்கும் மசில் எனர்ஜி முறை, வலிக்கும் தசையைச் சுருக்கி வைத்து ஓய்வு கொடுக்கும் கவுண்டர்ஸ்டிரெயின், உரிமம் உள்ள இடங்களில் வேகமான தள்ளல் முறை: இவை ஏறக்குறைய எல்லாப் படிப்பிலும் இருக்கும். தலையை மெல்லத் தொட்டுச் செய்யும் தலையோட்டு ஆஸ்டியோபதியும், வயிற்று உறுப்புகளைக் கையால் அசைக்கும் உள்ளுறுப்பு ஆஸ்டியோபதியும் பல பள்ளிகளில் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. இவற்றுக்கான ஆய்வுச் சான்றுகள் பலவீனமானவை. இரண்டு பேர் தொட்டுப் பார்த்து ஒரே முடிவுக்கு வருவதே கடினம் என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை தொடர்பான சான்று இவற்றைவிட மேலானது. இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசும் பள்ளியை நம்பலாம். ஆஸ்துமா, நீரிழிவு, குழந்தையின்மை எல்லாவற்றையும் கையாலே குணப்படுத்தலாம் என்று வரவேற்பறைச் சுவரில் எழுதியிருந்தால் அங்கே படிக்க வேண்டாம். அந்த வாக்குறுதியை நாளை நோயாளிக்குக் கொடுக்கப்போவது நீங்கள்.

பாடத்திட்டத்தில் முதலில் தேட வேண்டியது, எப்போது கை வைக்கக்கூடாது என்ற பாடம். முதுகுவலியோடு இருக்கைப் பகுதி மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமலும் வருபவருக்கு உடனே மருத்துவமனை வேண்டும். அது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள கௌடா ஈக்வைனா நரம்புக்கற்றை நசுங்கும் நிலையாக இருக்கலாம். இதற்கு முன் அனுபவித்திராத கழுத்துவலியோடு தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் இருந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்க வாய்ப்புண்டு. புற்றுநோய் வரலாறு, காரணம் தெரியாத எடைக்குறைவு, காய்ச்சல், எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, அண்மையில் விழுந்த அடி என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றை ஒரு மதிய வகுப்பில் முடித்துவிடும் படிப்பு ஆபத்தானது. நோயியல், நரம்பியல் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கையைப் படிப்பது, மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது, பதிவேடு வைப்பது ஆகியவற்றுக்குத் தனித்தனி மணி நேரமும் தேர்வும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் இறுதிச் செய்முறைத் தேர்வில் இருப்பாரா என்றும் கேளுங்கள்.

இணையவழிப் படிப்பைப் பற்றி: உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் ஆகிய பாடங்களின் ஏட்டுப் பகுதியைத் திரையில் நன்றாகவே கற்கலாம், வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய வசதி. தொட்டறிதல் திரையில் வராது. உங்கள் விரலுக்கு மேல் ஆசிரியர் விரல் வைத்து, "இவ்வளவு அழுத்தம் போதும்" என்று காட்டினால்தான் அது பிடிபடும். செய்முறை வகுப்பில் ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்கு மேல் இருந்தால் இது உங்களுக்கு அரிதாகவே கிடைக்கும். செய்முறைத் தேர்வைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லும் பள்ளி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நேரில் போய்ப் பார்ப்பது

ஒரு முழுநாள் செய்முறை வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். விற்பனைக்காக நடத்தும் அறிமுகக் கூட்டம் இதற்கு உதவாது. மேசைகளுக்கிடையே ஆசிரியர் நடக்கிறாரா, மாணவர் கேட்கும் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லத் துணிகிறாரா, தொடுவதற்கு முன் ஒருவருக்கொருவர் ஒப்புதல் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். செய்முறை வகுப்பில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பயிற்சி செய்வார்கள். உள்ளாடை அளவுக்கு உடை களைய வேண்டிய பாடங்களும் வரும். உடைக்கும், உடன் இன்னொருவர் இருப்பதற்கும், மறுப்புக்கும் பள்ளி என்ன விதி வைத்திருக்கிறது என்பதை முதல் நாளே கேட்பதில் கூச்சம் வேண்டாம். இடுப்பிலோ தோளிலோ பழைய காயம் உள்ளவருக்கு, எந்த முறைகளைத் தன் மேல் செய்ய விடமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும்.

முடித்தவர்களிடம் பேசுங்கள், ஆனால் பள்ளி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பெயர்களோடு நிறுத்த வேண்டாம். சங்கத்தின் பொதுப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டிருப்பவர்களை நீங்களே தேடி எழுதுங்கள். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் இதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், அந்த அளவுக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று என்பவை நேரான கேள்விகள். பெரும்பாலோர் மனம்விட்டுப் பதில் சொல்வார்கள்.

உங்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு சிகிச்சையாளர்களிடம் சில முறை சிகிச்சை எடுத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரிடம், நோயாளிகள் சம்மதித்தால், ஒரு நாள் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நாள் முழுவதும் நிற்பதும் குனிவதும் கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் என்ன செய்கிறது என்று தெரியும். மேசையின் உயரத்தைச் சரிசெய்வதையும் உடம்பின் எடையைப் பயன்படுத்துவதையும் நல்ல பள்ளி முதல் மாதத்திலிருந்தே திருத்திக்கொண்டே இருக்கும். கைவலிமையால் செய்யப் பழகியவரின் கட்டை விரல் அதிக நாள் தாங்காது.

பணமும் ஒப்பந்தமும்

கையேட்டில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டும். மடக்கக்கூடிய சிகிச்சை மேசை, உடற்கூறு நூல்கள், மாணவர் காப்பீடு, தேர்வுக் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், தொலைவில் நடக்கும் வகுப்புகளுக்கான பயணமும் தங்குமிடமும், பட்டம் வாங்கியபின் சங்கச் சந்தா, தொழில் பொறுப்புக் காப்பீடு ஆகியவற்றை ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். அதற்குக் கீழே, வேலை நேரம் குறைவதால் இழக்கும் சம்பளத்தை எழுதுங்கள். பலருக்கு அதுதான் மிகப் பெரிய தொகை. நோயாளிகள் சேரும் வரை முதல் ஆண்டு வருமானம் ஒழுங்காக இருக்காது. அதைத் தாங்கும் சேமிப்பு இல்லாவிட்டால், பழைய வேலையைப் பகுதிநேரமாக வைத்துக்கொண்டே தொடங்கத் திட்டமிடுங்கள். உங்கள் சேவைக்கு விற்பனை வரி உண்டா என்பதையும் கட்டணம் நிர்ணயிப்பதற்கு முன் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். மருத்துவ சேவைகளுக்கான வரிவிலக்கு, ஒழுங்குபடுத்தப்படாத தொழில்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை மெதுவாகப் படியுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பி வரும், எந்தத் தேதி வரை? உடல்நலத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ ஓராண்டு நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர முடியுமா, பழைய கட்டணத்திலா புதிய கட்டணத்திலா? பள்ளி மூடப்பட்டால் மாணவர்களின் பணத்துக்கும் பதிவேடுகளுக்கும் என்ன பாதுகாப்பு? தனியார் தொழிற்கல்லூரிகளைப் பதிவு செய்யும் சட்டம் உள்ள இடங்களில் அந்தப் பதிவு பள்ளிக்கு மட்டுமா, நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கும் உண்டா என்று அரசுப் பட்டியலிலேயே பார்க்கலாம். மொத்தக் கட்டணத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லி, ஆண்டுக்கு ஆண்டு கட்டும் வழியைக் கேளுங்கள்.

நான்காவது, ஆய்வேடு. பழைய மரபில் வரும் பள்ளிகள் பல, எல்லா வகுப்பும் தேர்வும் முடிந்த பிறகு ஒரு ஆய்வேட்டை எழுதி, தேர்வுக்குழுவின் முன் வாதாடிய பின்னரே இறுதிப் பட்டயத்தைக் கொடுக்கின்றன. அதற்குள் மாணவர் தொழிலைத் தொடங்கியிருப்பார், குடும்பச் செலவு நெருக்கும், ஆய்வேடு அலமாரியில் கிடக்கும். ஆண்டுகள் போன பிறகு, பதிவுக்கோ சங்க உறுப்பினர் தகுதிக்கோ அந்த இறுதிப் பட்டயம் வேண்டும் என்ற விதி வந்தால் பெரிய இக்கட்டு. ஆய்வேடு கட்டாயமா, அதற்கு வழிகாட்டி யார், காலக்கெடு எவ்வளவு, வழிகாட்டிக்குத் தனிக் கட்டணமா, அது இல்லாமல் கிடைக்கும் சான்றிதழை உங்கள் ஒழுங்குமுறை அமைப்போ சங்கமோ ஏற்குமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.